பச்சிளங்குழந்தையும் குருதிச் சான்றும்

உத்திரமேரூர் என்றவுடன் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது குடவோலை முறை. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இன்றும் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைத் தேர்ந்தெடுக்கலாகாது, குடத்திலிருந்து ஓலையை யார் எடுப்பது என்பனவெல்லாம் அவற்றில் முன்கூட்டியே வகுத்து வைக்கப்பட்டுள்ளன. முடிவெடுக்கும் வேளையில் தனி ஒருவருடைய விருப்போ, அச்சமோ, அவசரமோ குறுக்கிடலாகாது என்பதே அவ்விதிகளின் உட்கருத்து.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கல்வெட்டு அன்று. அதே ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், பிறந்து சில நாட்களே ஆன ஒரு குழந்தையைப் பற்றி எடுக்க வேண்டிய ஒரு முடிவு. நேற்றுவரை நன்றாகப் பால் குடித்த குழந்தை இன்று விடியற்காலையிலிருந்து மார்பில் வாய் வைக்க மறுக்கிறது. இதன் குருதியில் கிருமி புகுந்துவிட்டதா, இல்லையா? இதுதான் வினா. இவ்வினாவிற்கு விடை காண்பதிலும் தனி ஒருவர் விருப்பையும் அச்சத்தையும் விலக்கி, முன்னரே வகுத்த விதிகளைக் கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. அவ்விதிகள் எவை, அவற்றிற்குக் குருதி எவ்வாறு சான்று அளிக்கிறது என்பதைக் காண்போம்.

பிறந்த நாள் முதல் 28 நாட்கள் வரை உள்ள குழந்தையைப் பச்சிளங்குழந்தை என்கிறோம். பாக்டீரியாக் கிருமிகள் குருதியில் புகுந்து பெருகி, உடல் முழுவதையும் தாக்கும் நிலையைச் செப்சிஸ் என்று மருத்துவர் கூறுவர். கிருமி வரும் வழிகள் பல. பிறக்கும்போது தாயின் பிறப்புவழியிலிருந்து வரலாம். கழுவாத கையிலிருந்து வரலாம். தொப்புள்கொடியில் வைக்கும் சாம்பலிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வரலாம். மருத்துவமனையிலிருந்தே கூட வரலாம்.

இந்நோயின் கொடுமை அது தன்னை மறைத்துக்கொள்வதில் இருக்கிறது. நமக்குக் கிருமித் தொற்று உண்டானால் காய்ச்சல் அடிக்கிறது. இன்ன இடத்தில் வலிக்கிறது என்று நாம் சொல்லுகிறோம். பச்சிளங்குழந்தையோ சொல்லாது. அதற்குக் காய்ச்சல் வர வேண்டும் என்பதும் இல்லை. உடல் சில்லிட்டுப் போவதே கூட நோயின் அறிகுறியாக இருக்கலாம். பால் குடிக்காமை, அசைவு குன்றிச் சோர்ந்து கிடத்தல், நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விடுதல், மூச்சிழுக்கும்போது மார்புக்கூடு உள்ளே குழிதல், வலிப்பு, உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸ் அளவை எட்டுதல் அல்லது 35.5 பாகைக்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றை ஆபத்தின் அறிகுறிகளாக உலக சுகாதார நிறுவனம் தொகுத்துக் கூறுகிறது. இவற்றுள் ஒன்று இருந்தாலும் ஐயம் கொள்ள வேண்டும்.

ஆனால் இவ்வறிகுறிகள் செப்சிஸ் நோய்க்கு மட்டுமே உரியவை அல்ல. குளிர்ந்த காற்றுப் பட்ட குழந்தையும் சோர்ந்து கிடக்கும். பிறந்தபோது நுரையீரலில் நீர் சற்றுத் தங்கிவிட்ட குழந்தையும் வேகமாக மூச்சு விடும். குருதியில் சர்க்கரை குறைந்த குழந்தையும் பால் குடிக்காது. நம் வீடுகளில் ‘மாந்தம்’ என்றும், ‘தோஷம் தட்டிவிட்டது’ என்றும் சொல்லும் பெயர்களுக்குள் இவையெல்லாம் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் எது உயிரைக் குடிக்கும் நோய், எது தானே தணியும் கோளாறு என்று முகம் பார்த்துச் சொல்ல எந்தப் பாட்டியாலும் இயலாது. எந்த மருத்துவராலும் இயலாது.

அப்படியானால் குருதியை எடுத்து அதில் கிருமி இருக்கிறதா என்று நேரே பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பார்க்கிறோம். அதற்குக் குருதி வளர்ப்புச் சோதனை என்று பெயர். ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் குருதியை எடுத்து, கிருமிக்கு உணவாகக்கூடிய திரவம் நிரம்பிய குப்பியில் இட்டு, உடல் வெப்பத்தில் வைத்திருப்பார்கள். குருதியில் கிருமி இருந்தால் அது பெருகித் தன்னைக் காட்டிக்கொள்ளும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதையும் இச்சோதனையால் அறியலாம். இதைவிட உறுதியான சான்று வேறு இல்லை. ஆயினும் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, விடை வர ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். நோய் அத்தனை நாள் காத்திராது. மற்றொன்று, இரண்டரைக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் உள்ள மொத்தக் குருதியே ஏறக்குறைய 200 மில்லிலிட்டர்தான். ஒரு டம்ளர் அளவு. ஆகவே சிறிதளவே எடுக்க முடிகிறது; அச்சிறிதளவில் கிருமி அகப்படாமலும் போகலாம்.

டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011-ஆம் ஆண்டு முதல் 2014-ஆம் ஆண்டு வரை ஓர் ஆய்வு நடைபெற்றது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளை அவ்வாய்வாளர்கள் கவனித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 14.3 பேருக்குச் செப்சிஸ் என்று முடிவு செய்யப்பட்டது. ஆனால் குருதி வளர்ப்பில் கிருமி தென்பட்டதோ நூற்றுக்கு 6.2 பேரிடமே. அதாவது நோயாளிகள் என்று கருதப்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானோரிடமே நேர்ச்சான்று கிடைத்தது.

அதே ஆய்வு மற்றோர் எச்சரிக்கையையும் தந்தது. வளர்ந்த கிருமிகளுள் அசினெட்டோபாக்டர் என்னும் இனத்தில் நூற்றுக்கு 82-ம், கிளெப்சியெல்லா இனத்தில் நூற்றுக்கு 54-ம் பல மருந்துகளுக்கு அடங்காதவையாக இருந்தன. கிருமிகள் ஏன் இவ்வாறு அடங்காமற் போயின? கிருமிக்கொல்லி மருந்தைத் தேவையில்லாத இடங்களிலும் தேவைக்கு மிஞ்சிய நாட்களும் கொடுத்துவருவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மருந்துக்குத் தப்பிய கிருமிகள் பெருகி, அடுத்த தொட்டிலில் உள்ள குழந்தையைத் தாக்குகின்றன.

இக்கட்டு இப்போது உங்களுக்குப் புலப்படும். நோய் இருக்கிற குழந்தைக்கு மருந்து கொடுக்கத் தவறினால் அக்குழந்தை மடியும். நோய் இல்லாத குழந்தைகளுக்கெல்லாம் மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், நாளை நோய் வரும் குழந்தைக்கு மருந்தே இல்லாமற் போகும். இவ்விரு பிழைகளுக்கும் நடுவில் வழி காட்டத்தான் குருதியில் உள்ள மறைமுகச் சான்றுகளை மருத்துவம் நாடியது. கிருமியைக் காண முடியாவிட்டாலும், கிருமியைக் கண்டு உடல் செய்யும் ஆயத்தங்களைக் காணலாம் அன்றோ? பகைவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று தெரியாவிட்டாலும், கோட்டைக்குள் எழும் முரசொலியைக் கொண்டு போர் மூண்டதை அறிவது போன்றது இது.

முதற் சான்று வெள்ளணுக்கள். இவை நம் உடலின் காவற்படை. பெரியவர்களுக்குத் தொற்று உண்டானால் வெள்ளணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் கூடும். பச்சிளங்குழந்தைகளுக்கோ இயல்பிலேயே எண்ணிக்கை மிகுதி. எனவே கூடுதலைக் கொண்டு எதையும் துணிய இயலாது. மாறாக, கன மில்லிமீட்டருக்கு 5,000-க்கும் கீழே இறங்கினால் அஞ்ச வேண்டும். படை போரில் அழிந்து, கையிருப்புத் தீர்ந்துவருகிறது என்பது அதன் பொருள். இரண்டாவது, வெள்ளணுக்களுள் கிருமியை விழுங்கும் நியூட்ரோபில் என்னும் வகை மட்டும் அக்குழந்தையின் வயதுக்குரிய அளவினும் குறைதல்.

மூன்றாவது சான்று சுவையானது. முதிர்ந்த நியூட்ரோபிலின் உட்கரு பல மடல்களாகப் பிரிந்திருக்கும். முதிராததன் உட்கரு வளைந்த நாடா போல ஒரே துண்டாக இருக்கும். கண்ணாடித் தகட்டில் ஒரு துளிக் குருதியைத் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். முதிர்ந்த அணுக்கள் தீர்ந்துபோனால் எலும்பு மச்சை முதிராத அணுக்களையும் குருதிக்குள் அனுப்பிவிடுகிறது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய மறக்குடித் தாயை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டானையும் கணவனையும் களத்தில் இழந்த அவள், சிறுவனாகிய ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பினாள். மொத்த நியூட்ரோபில்களில் முதிராதவை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், உடலும் அந்த நிலைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நான்காவது, சிவப்பணுக்கள் படியும் வேகம். மெல்லிய கண்ணாடிக் குழாயில் குதிகாலிலிருந்து எடுத்த குருதியை நிரப்பி, ஒரு மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி வைத்தால், சிவப்பணுக்கள் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். தொற்று உள்ளபோது குருதியில் சில புரதங்கள் மிகுந்து, சிவப்பணுக்களை நாணய அடுக்குப் போல ஒட்டச் செய்வதால் அவை விரைந்து படிகின்றன. முதல் வாரத்தில், குழந்தையின் வயதை நாட்களில் எண்ணி அதனோடு மூன்றைக் கூட்டினால் வரும் மில்லிமீட்டர் அளவை இயல்பு எனக் கொள்வர். 15 மில்லிமீட்டரை எட்டினால் அது இயல்பு அன்று. இதற்கு வேண்டியவை ஒரு சிறு குழாயும், ஓர் அளவுகோலும், ஒரு கடிகாரமுமே.

ஐந்தாவது, சி-ரியாக்டிவ் புரதம், சுருக்கமாக சி.ஆர்.பி. என்பர். 1930-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லட், தாமஸ் பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் குருதிநீரை ஆராய்ந்தனர். நிமோனியாக் கிருமியின் ‘சி’ எனப் பெயரிட்ட ஒரு சர்க்கரைப் பொருளோடு நோயாளியின் குருதிநீர் சேர்ந்தபோது அது திரிந்து படிந்தது; நோய் நீங்கியபின் திரியவில்லை. பிற்காலத்தில் அதற்குக் காரணமான பொருள் கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம் என்று தெளிவாயிற்று. தாயின் சி.ஆர்.பி. நச்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குக் குறிப்பிடத்தக்க அளவில் செல்வதில்லை. எனவே குழந்தையின் குருதியில் காணப்படுவது குழந்தையே உண்டாக்கியது. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதைக் குற்றச்சான்றாகக் கொள்வர்.

இவ்வைந்தில் எது உண்மை பேசும்? தனித்து நின்று எதுவும் முழு உண்மை பேசாது. கடினமான பேறுகாலத்திற்குப் பின் தொற்று இல்லாமலே சி.ஆர்.பி. உயரும். குருதிச்சோகை இருந்தால் சிவப்பணுக்கள் படியும் வேகம் மாறும். தாய்க்கு இரத்த அழுத்தம் மிகுந்திருந்தால் குழந்தைக்கு வெள்ளணுக்கள் குறையும். ஆகவே நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள்: ஐந்தில் இரண்டேனும் மாறுபட்டால் மட்டுமே சோதனையின் தீர்ப்பு ‘ஆம்’. ஒருவர் வாய்மொழியை மட்டும் கொண்டு வழக்கை முடிக்காத ஊர்ச்சபையைப் போன்றது இந்த ஏற்பாடு.

இத்தகைய கூட்டுச் சோதனையை 1980-ஆம் ஆண்டில் பிலிப், ஹியூவிட் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்கள் கண்ட முடிவு மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. சோதனை ‘ஆம்’ என்றபோது, உண்மையில் நோய் இருந்தது நூற்றுக்கு 39 பேருக்கே. சோதனை ‘இல்லை’ என்றபோது, நூற்றுக்கு 99 பேருக்கு நோய் இல்லை.

இஃது எவ்வாறு ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐயத்திற்கு இடமான 100 குழந்தைகள் வருகிறார்கள்; அவர்களுள் உண்மையில் நோய் உள்ளவர் 8 பேர் என்று வைத்துக்கொள்வோம். சோதனை அந்த எட்டில் ஏழு பேரைக் கண்டுபிடிக்கிறது, ஒருவரைத் தவறவிடுகிறது. நோயற்ற 92 பேரில் 12 பேரைத் தவறாக நோயாளி என்கிறது. இப்போது ‘ஆம்’ என்ற தீர்ப்புப் பெற்றவர் 19 பேர். அவர்களுள் உண்மையான நோயாளிகள் 7 பேரே. ‘இல்லை’ என்ற தீர்ப்புப் பெற்றவர் 81 பேர். அவர்களுள் நோயாளி ஒருவரே. நோயாளிகளை நன்றாகவே பிடிக்கும் சோதனையாயினும், நோயற்றவர்கள் பெருந்தொகையினராக இருப்பதால் ‘ஆம்’ என்ற சொல்லின் மதிப்புக் குறைகிறது. ‘இல்லை’ என்ற சொல்லின் மதிப்பு உயர்கிறது. ஆகவே இச்சோதனைகளின் பெருமை நோயைக் கண்டுபிடிப்பதைக் காட்டிலும் நோய் இல்லை என்று ஆறுதல் கூறுவதில்தான் இருக்கிறது.

அந்த ஆறுதலையும் எப்போது நம்பலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அது காலம். தொற்றுத் தொடங்கி ஆறு முதல் எட்டு மணி நேரம் கழிந்த பின்னரே சி.ஆர்.பி. ஏறத் தொடங்குகிறது; உச்சத்தை அடைய ஒன்றிரண்டு நாட்கள் ஆகின்றன. தூண்டுதல் நின்றபின் ஏறத்தாழ 19 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆகையால் நோயின் தொடக்கத்தில் எடுத்த ஒரே சோதனை ‘இல்லை’ என்று சொன்னால், அதை நம்பி வீட்டுக்கு அனுப்புவது பேராபத்து.

எடுத்துக்காட்டாக, உத்திரமேரூருக்கு அருகில் இரு சிற்றூர்களிலிருந்து இரு குழந்தைகள் ஒரே நாளில் அரசு மருத்துவமனைக்கு வருவதாகக் கொள்வோம். இவ்வெண்கள் விளக்கத்திற்காக நானே அமைத்தவை. இருவருக்கும் வயது நான்கு நாள். இருவரும் விடியற்காலை முதல் பால் குடிக்கவில்லை. இருவரிடமிருந்தும் வளர்ப்புச் சோதனைக்குக் குருதி எடுத்து, உடனே ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஊசிகள் போட்டு, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108 ஊர்தியில் அனுப்புகிறார்கள். அன்று காலை முதற் குழந்தையின் சி.ஆர்.பி. 4, இரண்டாவது குழந்தைக்கு 6. இரண்டும் இயல்பான அளவே. எண்ணை மட்டும் பார்த்தவன் முதற் குழந்தையே நலமாக இருக்கிறது என்பான். மறுநாள் பார்த்தால் முதற் குழந்தைக்கு 42 ஆகியிருக்கிறது. இரண்டாவதற்கு 5-லேயே நிற்கிறது. முதற் குழந்தையின் குப்பியில் கிருமி வளர்கிறது. அதற்கு மருந்து தொடர்கிறது. இரண்டாவது குழந்தையின் குப்பியில் 48 மணி நேரமாகியும் ஒன்றும் இல்லை. மற்றச் சான்றுகளும் இயல்பாக உள்ளன. குழந்தையும் பால் குடிக்கிறது. மருந்தை நிறுத்தித் தாயின் கையில் கொடுக்கிறார்கள்.

இங்கே இரண்டு விதிகளைக் காணலாம். முதலாவது, மருந்தைத் தொடங்குவது அறிகுறியைக் கண்டே அன்றிச் சோதனையின் விடைக்காகக் காத்திருந்து அன்று. இரண்டாவது, மருந்தை நிறுத்துவது அச்சத்தினாலோ அலட்சியத்தினாலோ அன்றி, இரு வேளைகளில் எடுத்த குருதியின் சான்றையும், வளர்ப்புச் சோதனையின் விடையையும், குழந்தையின் நிலையையும் ஒருசேர எண்ணிப் பார்த்தே.

அண்மைக்காலத்தில் புரோகால்சிடோனின் என்னும் மற்றொரு பொருளும் இவ்வரிசையில் சேர்ந்தது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி உண்டாக்கும் கால்சிடோனின் என்னும் சுரப்பு நீருக்கு இது முன்வடிவம். பாக்டீரியாத் தொற்று உண்டானபோது உடலின் பல பகுதிகள் இதை உண்டாக்குகின்றன என்பதை 1993-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். சி.ஆர்.பி.யைவிட இது விரைந்து உயர்கிறது. ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு: பிறந்த முதல் இரண்டு நாட்களில் நலமான குழந்தைக்கும் இது தானாகவே உயர்ந்து தணியும். எனவே குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை அறியாமல் இதன் அளவைப் படிக்க இயலாது. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் நாடு ஆகியவற்றின் 18 மருத்துவமனைகளில் 1,710 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2017-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புரோகால்சிடோனின் அளவைப் பார்த்து மருந்தை நிறுத்திய குழந்தைகளுக்குச் சராசரியாக 55 மணி நேரமும், வழக்கமான முறையில் நிறுத்தியவர்களுக்கு 65 மணி நேரமும் கிருமிக்கொல்லி கொடுக்கப்பட்டது. பத்து மணி நேரம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு தொட்டிலிலும் பத்து மணி நேரம் என்று கூட்டிப் பார்த்தால் அது பெரிய சேமிப்பு.

இனிக் குருதிச் சோதனையே இல்லாத இடத்தின் கதை ஒன்று. மகாராஷ்டிர மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் 39 சிற்றூர்களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்தனர். அப்பெண்கள் வீடு வீடாகச் சென்று, கண்ணால் காணும் அறிகுறிகளை மட்டும் கொண்டு நோயை ஐயுற்று, வீட்டிலேயே மருந்து கொடுத்தனர். செப்சிஸ் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 16.6 ஆக இருந்த இறப்பு 2.8 ஆகக் குறைந்தது. இம்முடிவு 1999-ஆம் ஆண்டில் வெளியாகி உலகின் கவனத்தைக் கவர்ந்தது. அங்கே நுண்ணோக்கியும் இல்லை, சி.ஆர்.பி.யும் இல்லை. காலத்தில் கவனித்த கண்களே உயிர்களைக் காத்தன.

அப்படியானால் குருதிச் சோதனை வீணா? வீண் அன்று. கண் தொடங்கிவைக்கிறது, குருதி எங்கே நிறுத்தலாம் என்று சொல்லுகிறது. முன்னதில்லாமல் பின்னதால் பயனில்லை. மிக உயர்ந்த ஆய்வுக்கூடம் செங்கற்பட்டில் இருந்தாலும், பால் குடிக்காத குழந்தையை ஒரு பகல் முழுவதும் வேப்பிலை அடித்துக்கொண்டு வீட்டில் வைத்திருந்தால் அந்த ஆய்வுக்கூடம் என்ன செய்ய முடியும்?

கல்லூரியிலும் பள்ளியிலும் பயிலும் நீங்கள் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறக்கும் குழந்தைக்குச் செய்யக்கூடியது உண்டு. குழந்தையைத் தூக்குமுன் சோப்பினால் கை கழுவச் சொல்லுங்கள். தொப்புள்கொடியில் எதையும் வைக்காமல் உலர விடச் சொல்லுங்கள். சேனை வைக்காமல் சீம்பாலைக் கொடுக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் குழந்தையின் மூச்சை எண்ணப் பழகுங்கள். மூச்சு 60-ஐ எட்டினால் மறுமுறையும் எண்ணுங்கள். அப்போதும் குறையாவிட்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவித்து உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் செய்யுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னால், பணிவோடு மறுத்துப் பேசுங்கள். மருத்துவமனையில் முதற் சோதனை நன்றாக இருக்கிறது என்ற பிறகும் ஏன் மறுநாளும் குழந்தையின் குதிகாலில் ஊசி குத்துகிறார்கள் என்று தாய் கண்கலங்கிக் கேட்டால், அதற்குரிய காரணத்தை அவளுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது துளிக் குருதிதான் அவள் குழந்தைக்கு மருந்து தொடர வேண்டுமா, வீடு திரும்பலாமா என்பதைச் சொல்லப் போகிறது.